இன்றைய பாக்கெட்

சலவைக் கடைக்குத் துணி வந்ததும் முதல் வேலை பாக்கெட்டைத் துழாவுவது. ஒரு பேனா கசிந்தால் இருபது சட்டை நாசம். கடைக்காரர் மனைவி அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. கிடைத்ததைச் சின்னக் கவரில் போட்டு, டோக்கன் எண்ணை எழுதி, துணியோடு சேர்த்துப் பின் குத்திவிடுவாள். காகிதமாக இருந்தால் பிரிக்கவே மாட்டாள். துவைக்கத்தான் கூலி வாங்குகிறோம், படிக்க இல்லை என்பது அவள் கட்சி. கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கடைக்கு வருகிறவர்களும் அவளை அண்ணி என்றே அழைத்தார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கொழுந்தன் மூன்று மாதம் ஏதோ ஒரு கோர்ஸ் படித்துவிட்டு வந்திருந்தான். சிறு கடைகளுக்கு சோஷியல் மீடியாவில் கூட்டம் சேர்ப்பது எப்படி என்பது பாடம். அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சலவைக் கடை ஒன்று திறந்ததில் அண்ணியின் கணவர் ஏற்கெனவே கதிகலங்கிப் போயிருந்தார். தம்பி கேட்டதும் கடையின் பக்கத்தை அவன் கையில் கொடுத்துவிட்டார். அப்போது அதைப் பின்தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி வருவதை எடுத்துப் போட்டான். காலரில் கறை போவதைப் போட்டான். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு கோட்டின் உள்பையில் ஓட்டல் பெயர் பொறித்த நான்கு ஸ்பூன்கள் அகப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழி முழித்து வீடியோ போட்டான். பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஸ்பூன்காரர் அதன்பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து தினம் ஒரு வீடியோ. 'இன்றைய பாக்கெட்' என்று பெயர் வைத்தான். பாதி கடித்த பிஸ்கட், ஒற்றைத் தோடு, பல்செட். சாமானை எடுத்துக்கொள், காகிதத்தைத் தொடாதே என்று அண்ணி கறாராகச் சொல்லியிருந்தாள். அவனும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டியிருந்தான். கூட்டம் முப்பத்தெட்டாயிரமாக வளர்ந்தது. அந்த முப்பத்தெட்டாயிரம் பேரில் ஒரு புண்ணியவானாவது ஒரு கைக்குட்டையைத் துவைக்கக் கொடுத்தானா என்றால் இல்லை. ஆனாலும் கணவர் காலையில் எழுந்ததும் கல்லாவைப் பார்க்காமல் அந்த எண்ணிக்கையைத்தான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பஸ் டிரைவர் வந்தார். காக்கிச் சட்டைதான் கொடுப்பார், அன்று ஒரு சாம்பல் நிறக் கோட்டைக் கொண்டுவந்தார். ஆறு வருடத்துக்கு முன் மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, என் வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னவர் அவர். இப்போது மகளே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கப்பா என்றிருக்கிறாள். கோட்டு கசங்காமல் இருந்தால் போதும் என்று இரண்டு தரம் சொன்னார். அவர் போனதும் அண்ணி துழாவியதில் உள்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதைப் பிரிக்காமல் கவரில் போட்டுப் பின் குத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கல்லூரிப் பெண்கள் கடை வாசலில் வந்து நின்று, 'சாப்பிட்டியா அண்ணன்' இருக்கிறாரா, ஒரு செல்ஃபி எடுக்கணும் என்றார்கள். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. போனை நீட்டிக் காட்டினார்கள்.

திரையில் கொழுந்தன். பின்னால் சாம்பல் நிறக் கோட்டு. கையில் பிரித்த தாள், எழுத்து பளிச்சென்று தெரிகிற மாதிரி. கிழவனைப் போலக் குரலை நடுக்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

'ஒன்று. முதலில் அவள் பேசட்டும். இரண்டு. பழசை எடுக்காதே. மூன்று. மாப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கு. நான்கு. அழாதே. ஐந்து. சாப்பிட்டியா என்று கேள். வேறொன்றும் வராவிட்டால் மறுபடி கேள்.'

கடைசி வரியை மட்டும் மூன்று தரம் சொல்லி, கோட்டின் கையைப் பிடித்துக் கண்ணைத் துடைப்பதுபோல ஆட்டினான். கீழே சிரிப்பு முகங்கள் வரிசை வரிசையாகக் கொட்டிக் கிடந்தன. அந்தக் குரலை மட்டும் எடுத்து ஊர் முழுக்க வாயசைத்துக்கொண்டிருந்தது. ஒருவன் நாய்க்கு முன்னால் தட்டை வைத்து, சாப்பிட்டியா, மறுபடி சாப்பிட்டியா என்றான். ஒரு மாப்பிள்ளை மணமேடையிலேயே செய்தான். கடையின் கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு மனுஷன் ஆறு வருடம் கழித்து மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல எழுதி மடித்து நெஞ்சருகே வைத்திருக்கிறான். அதை எடுத்துச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறான் இவன். வெட்கங்கெட்டவன். நான்கு ஸ்பூனுக்குப் பல்லைக் காட்டினோமே, அன்றைக்கே தொடங்கியது இது என்று தன்மேலும் கோபம் வந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டாள். யார் பேரையும் சொல்லவில்லையே என்றான் அவன்.

"எழுத்து தெரியுதே. அப்பன் எழுத்து பொண்ணுக்குத் தெரியாதா?"

அவன் போனை எடுத்தான். வீடியோவை அவள் கண்முன்னே அழித்தான். அழித்து என்ன பிரயோசனம், குரல் ஆயிரம் வாய்க்குப் போயிருந்தது. கணவர் பூசி மெழுக வந்தார். டிரைவரிடம் இருப்பது பட்டன் போன், இதையெல்லாம் அவர் பார்க்கப் போவதில்லை, தாளைப் பழையபடி மடித்துக் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டால் போகிறது என்றார்.

"அவருக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றார் மறுபடியும்.

அதுவரை கொழுந்தன்மேல் இருந்த கோபம் அப்படியே கணவர்மேல் திரும்பியது. "அவரு நாளன்னைக்கு அந்த வீட்டுல போய் உட்கார்ந்து, அந்த வார்த்தையைக் கேப்பாரு. அங்க யாராவது சிரிப்பாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாம அவரும் சேர்ந்து சிரிப்பாரு. அது உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாள். கணவர் இஸ்திரி மேஜைப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கடை திறந்த கையோடு டிரைவர் வந்தார், முடி வெட்டியிருந்தார். கொழுந்தன் நைசாக உள்ளறை வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் நழுவினான். அண்ணி கோட்டைக் கவுண்ட்டரில் வைத்தாள், பக்கத்தில் கவரை வைத்தாள், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாங்களாம்மா?" என்றார்.

"சிரிச்சாங்கய்யா."

அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார். அழித்ததைக் காட்ட முடியாது, நாய்த் தட்டு வீடியோவைக் காட்டினாள். குனிந்து கேட்டார். அது தன் குரல் இல்லையே என்பதுபோல ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மகள் எந்நேரமும் இந்தப் போனில்தான் இருப்பாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். திட்டுவார், கோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார் என்று அண்ணி காத்திருந்தாள். எறிந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் கவரைக் கிழித்துத் தாளை எடுத்துப் பிரித்தார். டோக்கன் எழுதும் பேனாவைக் கேட்டு வாங்கி, ஐந்தாவது வரியை அடித்தார். ஒரே கோடு, மெதுவாக, கடைசி எழுத்துவரை.

"இனிமே இதைக் கேட்டா விளையாட்டா ஆயிடும்" என்றார். பிறகு தாளைக் கவுண்ட்டரில் வைத்து நீவிக்கொண்டே, "அப்ப வேற என்னம்மா கேக்கறது?" என்றார்.

அண்ணி திரைச்சீலையை ஒரே இழுப்பாக இழுத்தாள். கொழுந்தன் போனும் கையுமாக நின்றிருந்தான். கையைப் பிடித்து அவனைக் கவுண்ட்டருக்குக் கொண்டுவந்தாள்.

"ஒரு லட்சம் பேர்கிட்ட பேசுறியே. இவருக்கு ஒரு வரி சொல்லு. எழுதிக்கட்டும்."

அவன் போனைக் கவுண்ட்டரில் கவிழ்த்து வைத்தான். டிரைவர் அவன்மேல் கோபமே இல்லாமல், அடித்த வரிக்குக் கீழே ஐந்து என்று மறுபடி எழுதி, பேனாவைத் தாளில் ஊன்றியபடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.