கீசருக்குப் பின்னால்

நான்கு பேர் சேர்ந்து ஐஸ் பெட்டியை ஜன்னல் பக்கமாக ஒன்றரை அடி நகர்த்தினார்கள். பெட்டியின் ஒயர் நாற்காலிக் காலில் சிக்கிக்கொண்டது. "நிறுத்து, நிறுத்து," என்றான் உத்தமன். உள்ளே அவன் அக்கா டோரதியின் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நேரானது. கண்ணாடி மூடியின் மேல் விழுந்திருந்த தண்ணீரை அவள் மகள் சுனிதா துப்பட்டாவால் துடைத்தாள். அடுத்த சொட்டு பெட்டி இருந்த இடத்தில், தரையில் விழுந்தது.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மர உத்தரத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு நனைந்து தோசை அளவுக்குப் பழுப்பாகியிருந்தது.

"மாடி பாத்ரூம்," என்றான் உத்தமன். "அக்கா போட்ட பைப்பு."

"டீச்சர் போயும் ரிப்பேர் வேலைய விடல பாரு," என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். டோரதியோடு வேலை பார்த்த டீச்சர்கள் மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டெரிக் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எங்க மாமா போறீங்க? உக்காருங்க," உத்தமன் அவர் தோளைப் பிடித்தான்.

"மேல போய் ஒரு தடவ பாத்துட்டு..."

"முட்டிய வெச்சுக்கிட்டு மேல ஏறப் போறீங்களா? சுனிதா பாத்துக்குவா. ஆள் சொல்லியாச்சு."

டெரிக் உட்கார்ந்தார். நேற்றுக் காலையிலிருந்து இப்படித்தான். அவர் எழுந்தால் யாராவது உட்கார வைக்கிறார்கள், உட்கார்ந்தால் யாராவது காபி கொடுக்கிறார்கள். மனைவி இறந்தவனுக்குச் செய்ய வேலை எதுவும் இருக்கக் கூடாது என்று காக்ஸ் டவுனில் எல்லோரும் முடிவு செய்தது போலிருந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அது அவருக்குத் தெரியும்.

வீடு டெரிக்கின் அப்பா வாங்கியது. எண்பது வயதுக்கு மேலான வீடு. மாடிக்குப் பத்தொன்பது படி. இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு டெரிக்குக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஒரு பில்டர் வந்து, இடத்தைக் கொடுத்தால் அடுக்குமாடி கட்டி அதிலேயே ஒரு ஃபிளாட் தருவதாகச் சொன்னான். லிஃப்ட் உண்டு. டோரதி மாட்டேன் என்றாள். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது.

"என்னத்துக்கு இடிக்கணும்? பைப்பு ஒண்ணுதான் போயிருக்கு," என்றாள்.

"பிளம்பர் ஒருத்தனும் இத தொடமாட்டேங்கிறான். முனிராஜே மொத்தத்தையும் ஒடைக்கணும்னு சொன்னான்."

"அப்போ நான் போடுறேன்."

அப்படித்தான் பந்தயம் வந்தது. ஈஸ்டருக்குள் பைப் வேலை முழுவதையும் அவளே முடிப்பாள். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. ஒழுகாவிட்டால் இதே வீடு. ஒழுகினால் அவள் பில்டரிடம் கையெழுத்துப் போடுவாள். உத்தமன்தான் சாட்சி. பீன்யாவில் வேலை பார்க்கிற அவன் அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தான். "மாமா, நீங்க இப்பவே சாமான் கட்ட ஆரம்பிங்க," என்று சொல்லி மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினான்.

முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் டோரதி. போனில் வீடியோ பார்த்து நோட்டில் படம் போட்டாள். எஸ்.ஜே.பி. ரோட்டு பைப் கடைகளுக்குப் போய் ஆட்டோ கூரையில் பிளாஸ்டிக் பைப்பைக் கட்டி எடுத்துவந்தாள். சுவருக்குள் துருப்பிடித்த பழைய இரும்பு லைனை அப்படியே விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே புது லைன் ஓட்டினாள். மாடி பாத்ரூமின் பழைய தரை ஓடுகளைப் பெயர்த்துப் போட்டாள். பைப் ஒட்டுகிற சொல்யூஷனின் வாசனை அவள் விரலிலேயே தங்கிவிட்டது. திருவிருந்துக்கு நீட்டிய கையிலும் அந்த வாசனை இருந்தது.

பிப்ரவரி கடைசியில் முடித்தாள். டாங்க் வால்வைத் திறந்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் வீட்டைச் சுற்றினாள். பேப்பர் எங்கேயும் நனையவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் மீன் வாங்கப் போயிருந்தபோது டெரிக் பத்தொன்பது படியும் ஏறினார். வெந்நீர் கீசருக்குப் பின்னால், சுவரோரமாக, கையால் திருகித் திறக்கிற ஒரு ஜாயிண்ட் இருந்தது. யூனியன் என்பார்கள். நாளைக்கு கீசரைக் கழற்ற வேண்டி வந்தால் பைப்பை அறுக்காமல் பிரிக்கலாம் என்று அவளே யோசித்து வைத்தது. முக்காலி மேல் ஏறி, கையை உள்ளே விட்டு, அதன் நட்டை அரைச் சுற்று தளர்த்தினார். இறங்கும்போது முட்டி வலித்தது. அவளுக்கும் வயசாகிறது, லிஃப்ட் இருந்தால் அவளுக்கும்தான் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கண்டுபிடித்து இறுக்கினாள். அவர் மறுபடி தளர்த்தினார். ரப்பர் வளையத்தை மாற்றினாள், தளர்த்தினார். யூனியனையே புதிதாக வாங்கி மாட்டினாள். போன வெள்ளிக்கிழமை அதையும் தளர்த்தினார். நான்கு தடவை. நடுவில் ஒரு நாள் அவளுடைய நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. 'யூனியன். காரணம் தெரியவில்லை' என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள். பிள்ளைகளின் பேப்பரில் தப்புக்குப் போடுகிற கோடு.

சனிக்கிழமை மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இது வரலைங்க. உத்தமன்கிட்ட சொல்லிடுங்க. கையெழுத்து போட்டுடலாம்."

"பரவாயில்ல விடு. நீ முயற்சி பண்ண இல்ல, அது போதும்," என்றார் டெரிக்.

பத்திரம் முடிந்ததும் ஒரு நாள் ஏறிப் போய் அதை இறுக்கிவிட வேண்டும் என்று அப்போது நினைத்தார். அவள் பைப்புக்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்து, காலையும் மாலையும் கொட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையும் கொட்டிவிட்டு இறங்கிவந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அந்த பக்கெட்டை யாரும் கொட்டவில்லை. அது நிரம்பி வழிந்து, ஓடு பெயர்த்த தரை வழியாக இறங்கி, இப்போது ஹாலுக்கு வந்திருந்தது.

பதினொரு மணிக்கு பாஸ்டர் வந்தார். ஜெபம் முடித்துவிட்டு டைரியைத் திறந்தார். மூன்றரைக்கு சர்ச்சில் ஆராதனை, அதில் டோரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்த ஊர், பள்ளிக்கூடம், சர்வீஸ் எல்லாவற்றையும் உத்தமனே சொன்னான்.

"கடைசி நாட்கள்ல எப்படி இருந்தாங்க?"

"வீட்டு பைப் வேலைய தானே செய்யணும்னு பிடிவாதமா இருந்தாங்க பாஸ்டர். யார் சொல்லியும் கேக்கல. கடைசியில முடியல. சனிக்கிழமை, சரி, கர்த்தர் சித்தம்னு விட்டுட்டாங்க."

"நல்ல சாட்சி," என்றார் பாஸ்டர். எழுதிக்கொண்டே, "நம்ம பலத்தினால ஒண்ணும் ஆகாது. அதையே பேசலாம்," என்றார்.

ஒழுகலுக்கு அடியில் யாரோ வைத்திருந்த வாளியை டெரிக் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு விழும்போதெல்லாம் டீச்சர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வாசலில் பில்டர் அனுப்பிய மலர்வளையம் வந்து இறங்கியது. மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. உத்தமன் அதைச் சுவரில் சாய்த்து, ரிப்பன் தெரியும்படி திருப்பி வைத்தான்.

பதினொன்றரைக்கு பிளம்பர் முனிராஜ் வந்தான். ஸ்ரீராம்புரத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான். பையை வாசலில் வைத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் வந்து கையைக் கூப்பி நின்றான். பிறகு சுனிதாவோடு மாடிக்குப் போனான். அவன் பேச்சு படிக்கட்டு வழியாக ஹால் வரை கேட்டது.

"இந்த வளைவுல இருக்கிற எல்போ போயிருக்கு மேடம். இங்க பாருங்க, அடியில சொட்டுது. ஒட்டுன ஜாயிண்ட்டு, பிரிக்க முடியாது. அறுத்துட்டு புதுசா போடணும்."

"இன்னிக்கே அறுக்கணுமா? டாங்க் வால்வ மூடிட்டா?"

"மூடினா கீழ பாத்ரூம்க்கும் தண்ணி வராது. இத்தன பேர் இருக்காங்க. ஸ்வல்ப நேரந்தான் மேடம், அரை மணி. ஆன்ட்டிகிட்ட நான் அன்னிக்கே சொன்னேன். போன்ல பாத்து சாம்பார் வைக்கலாம், பைப்பு போட முடியுமா?"

உத்தமன் தலையை ஆட்டினான். "அவன் சொல்றதுதான் நெசம். கேட்டாத்தான."

ரம்பம் பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம் கேட்டது. டெரிக் எழுந்தார். உத்தமன் தோளைப் பிடித்தான்.

"விடு," என்றார்.

"மாமா..."

"கைய எடு உத்தமா."

பத்தொன்பது படி. பதினோராவது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "முனிராஜ், அறுக்காத," என்று குரல் கொடுத்தார். சத்தம் நின்றது.

பாத்ரூமில் முனிராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எல்போவுக்கு மேலே பைப்பில் ஒரு கீறல் விழுந்து, வெள்ளைத் தூள் தரையில் கிடந்தது. சுனிதா வழிந்துகொண்டிருந்த பக்கெட்டைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"என்ன டாடி? எதுக்கு ஏறி வந்தீங்க?"

"எல்போ இல்ல," என்றார் டெரிக். மூச்சு வாங்கியது. "எல்போ நல்லாத்தான் இருக்கு. தண்ணி மேலேருந்து பைப்ப ஒட்டிக்கிட்டே எறங்கி வருது. அந்த முக்காலிய போடு."

"நீங்க சொல்லுங்க சார், நான் ஏறுறேன்."

"போடுன்னேன் இல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலி மேல் ஏறினார். கையை கீசருக்குப் பின்னால் விட்டார். உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவர் எட்டிப் பார்க்கவும் இல்லை. கை நேராக நட்டின் மேல் போய் நின்றது. அரைச் சுற்று இறுக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம்.

மூன்று பேரும் எல்போவைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இல்லை.

முனிராஜ் விரலால் பைப்பைத் துடைத்துப் பார்த்தான். மேலே கீசரைப் பார்த்தான். "பின்னால யூனியன் இருக்கறது எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"நான்தான் லூஸ் பண்ணேன்."

"மறந்துட்டு விட்டுட்டீங்களா சார்?"

"இல்ல. வேணும்னே. அவ இறுக்க இறுக்க லூஸ் பண்ணேன். நாலு தடவ."

முனிராஜ் ரம்பத்தைப் பைக்குள் போட்டான். ஜிப்பை மூடினான். "நான் கீழ இருக்கேன் மேடம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

டெரிக் முக்காலியிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. சுனிதா கை கொடுக்கவில்லை. அவர் கீசரின் அடிப்பாகத்தைப் பிடித்து, முதலில் இடது காலை, பிறகு வலது காலை வைத்தார். அவள் பக்கெட்டைத் தூக்கிக் கொட்டினாள். கழுவிக் கவிழ்த்து வைத்தாள். துடைப்பத்தால் தரைத் தண்ணீரை வடிகால் ஓட்டைப் பக்கமாகத் தள்ளினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பேசினாள்.

"சாட்டர்டே மம்மி எனக்கு போன் பண்ணாங்க."

"என்ன சொன்னா?"

"அத இப்ப கேக்காதீங்க டாடி."

அவள் அவரைத் தாண்டி இறங்கிப் போனாள்.

டெரிக் கீழே வந்தபோது பாஸ்டர் கிளம்ப எழுந்திருந்தார். டெரிக் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"கடைசியில எழுதுனத மாத்தணும் பாஸ்டர்."

"சொல்லுங்க."

"வீட்டுல இருக்கிற பைப் மொத்தமும் அவளே போட்டா. ஒரு எடத்துலயும் ஒழுகல. அப்படியே எழுதி அப்படியே படிங்க."

பாஸ்டர் வாளியைப் பார்த்தார். "ஆனா இது..."

"அது அவ இல்ல. நான். அவ போட்டத நான் லூஸ் பண்ணி வெச்சேன். அவளுக்குத் தெரியாது."

பாஸ்டரின் பேனா டைரிக்கு மேல் நின்றது. டீச்சர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "அதையும் எழுதணுமா?" என்று பாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"உங்க இஷ்டம்."

பாஸ்டர் முதல் விஷயத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

உத்தமன் அவரை ஜன்னல் பக்கம் இழுத்தான். அவன் முகம் சிவந்திருந்தது. "என்ன மாமா இது? இத்தன பேர் நடுவுல, இன்னிக்கா இதப் பேசணும்?"

"இன்னிக்குத்தான் அவளப் பத்தி எழுதுறாங்க."

"அக்கா எனக்குப் போன் பண்ணி, நான் தோத்துட்டேன்டா, நீ சந்தோஷமா சிரின்னு சொன்னா. நானும் சிரிச்சேன்." உத்தமன் பெட்டியைப் பார்த்தான், உடனே வேறு பக்கம் பார்த்தான். "நீங்கல்லாம் என்ன மனுஷன்?"

சுவரில் சாய்ந்திருந்த பில்டரின் மலர்வளையத்தை டெரிக் பார்த்தார். "பில்டருக்குச் சொல்லிடு. வீடு கெடையாதுன்னு," என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

அந்த மலர்வளையத்தை உத்தமன் வெளியே எடுத்துப் போய் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தான்.

சர்ச்சில் பாஸ்டர் சொன்னபடியே படித்தார். "டோரதி அம்மா தமது அறுபத்து நாலாவது வயதில் தம் வீட்டின் குழாய் வேலை முழுவதையும் தாமே செய்து முடித்தார்கள். அதில் ஓர் இடத்திலும் ஒழுகவில்லை." பெஞ்சுகளில் லேசாக ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முன்வரிசையில் சுனிதா உத்தமனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். டெரிக்குக்கு அவளுடைய கை மட்டும்தான் தெரிந்தது. அது பாட்டுப் புத்தகத்தின் மேல் அசையாமல் இருந்தது.

கல்பள்ளி கல்லறைக்குப் போய்ச் சேரும்போது ஐந்தாகிவிட்டது. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். குழியின் ஓரம் செம்மண் குவிந்திருந்தது. உத்தமன் குனிந்து மூன்று பிடி அள்ளிப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் தள்ளி நின்றான். அடுத்தது டெரிக். ஒரே நாளில் ஏறி இறங்கியதில் முட்டி மடங்கவில்லை. குனியப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார். பின்னால் வரிசை காத்திருந்தது.

சுனிதா முன்னால் வந்தாள். குனிந்து ஒரு பிடி மண் அள்ளி அவருக்கு நேரே நீட்டினாள். டெரிக் உள்ளங்கையை விரித்தார். விரல் படாத உயரத்திலிருந்து மண்ணை அவர் கையில் விட்டாள். அவர் அதைக் குழியில் போட்டார். அவள் மறுபடி அள்ளினாள். அவர் போட்டார்.

மூன்றாவது பிடியில் ஒரு கல் இருந்தது. அவள் அதைப் பார்த்து, எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மீதி மண்ணை அவர் கையில் விட்டாள்.