அறிவுச்செல்விக்கு வந்த போன்

அன்று என் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான் செபாஸ்தியம்மாள், அரசு ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் ஆல்வின். என் தங்கை அமலராணி, அவள் வீட்டுக்காரர் ஞானராஜ், அவர்கள் மகள் அறிவுச்செல்வி. பக்கத்து வீட்டுப் பெருமாயி. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்களை நான் சேர்க்கவில்லை.

1998 ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்ததும் தங்கை குடும்பம் சேவுகம்பட்டியிலிருந்து நாகல் நகரில் என் வீட்டுக்கு வந்திருந்தது. அறிவுச்செல்விக்கு ஆயக்குடியில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர், கொய்யாத் தோப்பு உண்டு. எங்கள் அப்பா இறந்த பிறகு, குடும்பத்தில் மூத்தவளான நான் சரி என்று சொல்லாமல் எந்தச் சம்பந்தமும் முடிவாவதில்லை. அதற்காகத்தான் வந்திருந்தார்கள். பெருமாயி வந்தது வேறு காரியத்துக்கு. அந்தத் தெருவில் அப்போது என் வீட்டில் மட்டும்தான் போன், தங்கை வீட்டிலும் கிடையாது. பெருமாயியின் மகன் சூரத்திலிருந்து ஞாயிறு மதியம் அதில்தான் பேசுவான். அவள் ஸ்டூலைப் போட்டு போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஆயக்குடி வரன் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆல்வின் திருச்சியில் மண்ணியல் படித்தான். அவன் புத்தகங்களை வாங்கிப் படித்து இவளும் அதே படிப்பில் சேர்ந்தாள். புத்தகங்கள் திரும்பி வந்தபோது, அவன் கோடு போடாத பக்கங்களில் எல்லாம் பென்சில் கோடு இருந்தது. அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அந்த வருஷம் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். ஆளுக்கொரு நாள் போய் நேர்முகத் தேர்வும் முடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

என்ன ஆராய்ச்சி என்று ஆல்வின் எனக்கு விளக்கியிருந்தான். உலகத்தில் மீன் வருவதற்கும் முன்னால், ஓடோ எலும்போ இல்லாத மெத்தென்ற விலங்குகள் கடலடிச் சேற்றில் ஊர்ந்திருக்கின்றன. ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முந்திய கதை. உடம்பு அழிந்துவிட்டது, ஊர்ந்த தடம் மட்டும் சேற்றோடு கல்லாகிவிட்டது. அந்தத் தடத்தைத் தேடி இமயமலைக்குப் போக வேண்டும். "நம்ம ஊரு மலைக்கோட்டைப் பாறையில ஒரு புழு கூட அகப்படாதும்மா, அது பூமிக்குள்ள வெந்து வந்த கல்லு" என்று சிரித்தான். முடித்து வந்தால் டாக்டர் பட்டம். பணியில் இருந்த காலமெல்லாம் நின்றுகொண்டே மற்றவர்களை டாக்டர், டாக்டர் என்று கூப்பிட்டவள் நான். நேற்றுப் படிப்பு முடித்து வந்த பையன்களையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். என் மகனை ஒருவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பெருமாயி, மகன்தான் என்று கை நீட்டினாள். நான் எடுத்துவிட்டேன்.

பல்கலைக்கழகப் பேராசிரியரே பேசினார். இங்கிலீஷ். அறிவுச்செல்வியைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, பதிலே இல்லை என்றார். அந்தக் கடிதம் எங்கள் யார் கைக்கும் வந்து சேர்ந்திருக்கவில்லை. வரும் சனிக்கிழமை குழு மலைக்குக் கிளம்புகிறது. வருகிறாளா இல்லையா என்று இன்றைக்கே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்தவருக்கு இடம் போய்விடும். அந்த இரண்டாவது ஆளும் இதே போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாரே, பக்கத்து வீடா என்று கேட்டார். ஒருத்தன் என் மகன், இன்னொருத்தி என் தங்கை மகள் என்றேன்.

நான் கேட்டேன், இரண்டாவது ஆளிடம் என்ன குறை என்று.

இங்கிலீஷில்தான் கேட்டேன். அறையில் அது புரியக்கூடியவர்கள் பிள்ளைகள் இருவர் மட்டும். ஆல்வினின் கை சோற்றில் நின்றது. அறிவுச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். யார் முதல், யார் இரண்டாவது என்பது அந்த ஒரு கேள்வியிலேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

பேராசிரியர் ஒளிக்காமல் சொன்னார். தேர்வில் ஒரு கல்லை மேஜை மேல் வைத்து இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதில் நெளிநெளியாகக் கீறல்கள். ஆல்வின் உடனே, விலங்கு ஊர்ந்த தடம் என்று சொல்லி அதற்கு லத்தீன் பெயரும் சொல்லியிருக்கிறான். இவள் தனக்கு வைத்திருந்த குடிதண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். கடைசியில், இது விலங்கு இல்லை, சேறு சுருங்கி வெடித்த கீறல் என்றிருக்கிறாள். அதுதான் சரி. "உங்கள் மகன் கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு விலங்கு வேண்டியிருந்தது" என்றார் அவர்.

பிறகு ஒன்று கேட்டார். முகாமில் கூடாரத்தில் தங்க வேண்டும், இரண்டு மாதம், பெரும்பாலும் ஆண்கள், வீட்டில் பெரியவர்கள் அனுப்புவீர்களா?

கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. அதற்காகத்தான் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் குடும்பத்துப் பெண்ணை அப்படிக் கூடாரத்துக்கு அனுப்பமாட்டோம் என்று சொல்லியிருந்தாலும் ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த வார்த்தையாக அவர் ஆல்வினைக் கூப்பிடச் சொல்லியிருப்பார். வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. அறிவுச்செல்விக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. மூத்தவள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்த்திருந்தோம். இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அடக்கத்தைப் பார்க்கவும் எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்லைச் சாய்த்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இந்த அடக்கமுமா தெரிய வேண்டும்?

அப்போது ஞானராஜ் முகமெல்லாம் சிரிப்பாக, "என்ன மதினி, ஆல்வினுக்குக் கெடச்சிருச்சா? நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். இடது கையால் ஆல்வினின் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

ஆல்வின் மறுத்துப் பேசவில்லை. முதுகில் விழுந்த தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. என் மகன் முதலாவதாக வரவில்லை என்பதைத் தாங்கலாம். இன்னொருவருக்கு வந்ததைத் தனக்கு வந்ததாக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எப்படித் தாங்குவது? அந்த இடத்தை நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தால் ஆயுசுக்கும் அவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

"அறிவு, கையக் கழுவிட்டு வா. உனக்குத்தான்" என்றேன்.

அவள் கையைக் கழுவப் போகவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். வருகிறேன் சார், கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அமலராணிக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அழுதாள். ஞானராஜ் மகளைப் பார்க்கவில்லை, ஆல்வினைப் பார்த்தார். அவர் பார்வையில் இரக்கம் இருந்தது. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பெருமாயி மட்டும், "நர்ஸம்மா, இம்புட்டு நேரம் நீங்க பேசினா எம்மவனுக்கு லைனு கெடைக்குமா?" என்றாள்.

"ஆயக்குடிக்காரங்களுக்கு என்ன மதினி சொல்றது?" என்று ஞானராஜ் கேட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் பஸ் ஏறி நானே போனேன். பையனின் அம்மா ஈஸி சேரில் சாய்ந்தபடியே, "ஏனுங்க, கல்லுப் பொறுக்கறதுக்கா புள்ளைய வடக்க அனுப்பறீங்க?" என்றார். பொறுக்கத் தெரிந்தவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பெண் எங்கள் வீட்டுப் பெண். என் மனதுக்குள் அவள் மேல் என்ன இருந்தாலும் அது ஆயக்குடிக்குத் தெரிய வேண்டியதில்லை.

உள்ளே இருந்தது குறையவில்லை. அவள் மலையிலிருந்து பேசுகிற போன்களும் என் வீட்டுக்கே வந்தன. பனியில் விரல் மரத்துப்போகிறது பெரியம்மா, நேற்று ஒரு தடம் கிடைத்தது, உண்மையான தடம் என்பாள். நான் ஆளனுப்பித் தங்கைக்குத் தகவல் சொல்லுவேன். ஒரு தகவலும் தவறியதில்லை. ஆனால் ஒருநாளும் நல்லா இரு என்று வாயாரச் சொன்னதில்லை. ஆல்வின் நிலத்தடி நீர் பார்க்கிற வேலைக்குப் போனான். ரெட்டியார்சத்திரம் பக்கம் அவன் இடம் குறித்துக் கொடுத்த போர்வெல்களில் நல்ல தண்ணீர். விவசாயிகள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டார்கள்.

ஆல்வின்தான் இடத்தை விட்டுக்கொடுத்தான் என்ற பேச்சு எப்போது கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. முதலில் பெருமாயி வாயிலாகத்தான் என் காதுக்கு வந்தது. விசாரித்தபோது சொன்னது அமலராணி என்று தெரிந்தது. நேரே சேவுகம்பட்டிக்குப் போய்க் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஆல்வின் மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா அப்படிச் சொன்னேன். நாலு பேரு அவனையும் பெருமையா பேசட்டுமே."

"எம் மகனுக்கு நீ பிச்சை போடாத" என்றேன். அவள் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

2005இல் அறிவுச்செல்வி டாக்டர் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தாள். எங்கள் சர்ச் பங்கில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மைக்கில் பேசியவர் அவளை டாக்டர் என்று எட்டு வார்த்தைக்கு ஒரு தரம் சொன்னார். பிறகு ஆல்வினை எழுந்திருக்கச் சொல்லி, கையில் கிடைத்ததைத் தங்கைக்காக விட்டுக்கொடுத்த அண்ணன் என்றார். கோயில் மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அறிவுச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஆல்வின் எழுந்து கும்பிட்டான். கூட்டத்தில் எழுந்து பேசுவது எங்கள் குடும்பத்து வழக்கம் இல்லை என்பதால் அன்று பேசாமல் வந்தேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆல்வின் தன் இடத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தான் என்று சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. இடம் அறிவுச்செல்வியுடையது. ஆல்வின் இரண்டாவதாக வந்தான்.