சபூறாவின் நூறு மில்லிவோல்ட்

மனிதனுடைய கவலை எவ்வளவு பெரிதானாலும் நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டியது கிடையாது, தாண்டவும் மாட்டாது என்று சாய்ந்தமருது மீராசா மாஸ்டர், 1978ஆம் ஆண்டு சூறாவளி அடித்த பன்னிரண்டாம் நாள், பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து அறிவித்தார். அதே நேரம் அவருடைய வீட்டு வாசலில், பெண்சாதி சபூறாவின் உள்ளங்கையில், வயர் எதுவும் இல்லாமல் நாற்பது வாட் பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஊரில் மின்கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஆகவே அது கடலிலிருந்தும் நன்றாகத் தெரிந்தது.

அவர்களுடைய ஒரே மகன் காலிதீன் உயர்தர விலங்கியலில், அதுவும் வாப்பா படிப்பிக்கும் பாடத்தில், இரண்டாம் தரமும் கோட்டை விட்டிருந்தான். நரம்பில் மின்சாரம் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு ஒரு வரிகூட எழுதாமல் வந்தவன். மாஸ்டர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்தே சொன்னார்: "சோடியம் உள்ளயா வெளியயா எண்டு தெரியாதவன் கடலுக்குப் போ. உப்புக்குள்ள கிடந்தா விளங்கும்." சொல்லுக் கேட்கிற பிள்ளை. மறுநாள் சீனிமுகம்மதின் வள்ளத்தில் ஏறினான். அதற்கு அடுத்த நாள் காற்று வந்தது.

வள்ளத்தில் போன மற்ற மூவருக்கும் பள்ளியில் காயிப் ஜனாஸா, அதாவது உடல் கிடைக்காமலே இறந்தவருக்காகத் தொழுகிற தொழுகை, தொழுவித்தார்கள். காலிதீனுக்கு மட்டும் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் கச்சிமுகம்மது மறுத்துவிட்டார். "உம்மாட கையில வெளக்கெரியுது. எரியுற வீட்டுப் புள்ளைக்கு எப்படித் தொழுவிக்கிற, மாஸ்டர்?" தொழுதுவிட்டால் அழுதாவது தீர்க்கலாம் என்றிருந்த மாஸ்டருக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

எனவே அவர் மஃரிபுக்கு மஃரிப், பொழுது பட்டதும், வாசலில் நின்று சபூறாவுக்குப் பாடம் நடத்தினார். நரம்பு சும்மா இருக்கையில் சோடியம் வெளியே, பொட்டாசியம் உள்ளே. தொட்டால் கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும், அதனால் பக்கத்துக் கதவும் திறக்கும், வாசல் வாசலாகச் செய்தி ஓடும்; பின்னால் பொட்டாசியம் வெளியேறி எல்லாம் அடங்கும். "எல்லாம் சேர்ந்தே நூறு மில்லிவோல்ட்தான். இதுல எங்ககா பல்ப் எரியுற? மின்மினிக்கும் காணாது. கிறுக்குப் புடிச்ச ஆக்கள்தான் பல்பைப் புடிச்சிட்டு நிப்பாங்க."

"இஞ்சாருங்க, உள்ள வந்த உப்பை ஆரு வெளியில எடுக்கிற?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"அதுக்கொரு பம்ப் இரிக்கி. நிக்காம இறைக்கும். சும்மா இருக்கிறதுக்கும் இறைக்கோணும்."

"ஓம்," என்றாள் சபூறா. "அதுதான் களைக்கிது."

எழுபத்தொன்பதில் கம்பங்களை நட்டார்கள். மீற்றர் பார்க்க வந்தவர் சபூறாவின் மணிக்கட்டிலும் ஒன்றைக் கட்டிப் பார்த்து, சில்லு பின்பக்கமாகச் சுற்றியதால் கழற்றிக்கொண்டு போனார். எண்பத்தைந்தில் ஊரடங்கு, வெளிச்சம் காட்டக்கூடாது என்று ஜீப்பில் வந்து சொன்னார்கள். அவள் பல்பை முக்காட்டுக்குள் பொத்திக்கொண்டு நின்றாள், விரல் எலும்புகள் வெளியே தெரிந்தன. பல்ப் விட்டு விட்டு மினுங்கித்தான் எரிந்தது; கவலை கூடும்போது வெளிச்சம் கூடவில்லை. மினுக்கம்தான் நெருங்கி நெருங்கி வந்தது. பெருநாள் காலைகளில் எண்ண ஏலாத வேகம். தொடுகை பலத்தால் நரம்பின் துடிப்பு பெரிதாகாது, அடிக்கடி வரும், அவ்வளவுதான் என்று புத்தகத்தில் உள்ளபடியே நடக்கிறது என்பதை மாஸ்டர் கண்டார், ஒருவருக்கும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மினுக்கத்துக்கும் மினுக்கத்துக்கும் இடையில் முதலில் ஒரு மூச்சு விடலாம் என்றிருந்தது, பிறகு ஒரு யாசீன் ஓதி முடிக்கலாம் என்றாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவளை அடக்கினார்கள்.

மையவாடியிலிருந்து திரும்பும்போது மரைக்கார் மாஸ்டரின் தோளில் கைவைத்தார். "இனி வெளக்கும் இல்ல. மகனுக்கும் தொழுவிச்சிருவமா?"

பத்து வருடமாக மாஸ்டர் கேட்டது இதைத்தான். "மஃரிபுக்கு வீட்டுப் பக்கம் வாங்க, சொல்றன்," என்றார்.

மரைக்கார் வந்தபோது மாஸ்டர் வாசலில் நின்றார். உள்ளங்கையில் பல்ப், எண்ண ஏலாத வேகத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. "அப்ப சரி, மாஸ்டர்," என்று மரைக்கார் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தார். பிந்தி வந்த வள்ளங்கள் வழக்கம்போல அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கரை பிடித்தன.