குழாய்க்கு மேலே

1

இந்தக் கதை எனக்கு அடுப்படியில் கிடைத்தது. அலாஸ்காவில், சால்மன் மீன் ஓடைகளை ஆராய்பவர்களின் முகாமில் போன இலையுதிர்காலம் நான்தான் சமையல். ஈரக் காலுறைகளை என் அடுப்புக்கு மேலே காயப்போட்டபடி நஸ்தாசியா சொன்னது இது.

"மூடுபனியில் ஓடை வெள்ளிச் சரிகைபோல..." என்று ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். அன்று மழை. ஓடையின் கீழ்ப்பக்கம் முழுக்க, முட்டையிட்டுச் செத்த மீன் நாற்றம்.)

2

நஸ்தாசியா அந்த ஊர்க்காரி, ஆய்வுக்குத் தலைவி. ஓடை புகுந்து வரச் சாலைக்கு அடியில் போட்டிருந்த இரும்புக் குழாய், கடலிலிருந்து முட்டையிட வரும் மீன்களை அவள் பிறக்கும் முன்பிருந்தே மேலேற விடவில்லை. வருடக்கணக்கில் மன்றாடி அதைப் பெயர்த்தெடுக்க வைத்தாள். அப்புறமும் மேலே ஒரு மீன்கூட வரவில்லை. இந்தமுறையும் வராவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள்.

ஆய்வின் கடைசி நாள், குழாய் இருந்த இடத்தைத் தாண்டி ஓடையோரம் மேலே நடந்தாள். கரடி வந்தால் சமாளிக்கத் துப்பாக்கியோடு அவள் கொழுந்தன் வாசிலி பின்னால் நடந்தான்.

"அண்ணி, நம்மள ஏத்திட்டுப் போக விமானம் வந்துரும். மேல ஒரு மண்ணும் இல்ல."

"அப்ப நீ போ. துப்பாக்கிய குடுத்துட்டுப் போ."

"அண்ணன் என்னைத் தோலுரிச்சுருவான்."

(வாசிலியை முதலில் கோழையாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "யோவ் சமையல், நான் பயப்படல. பசிச்சுச்சு" என்றான். திருத்திவிட்டேன்.)

3

வளைவு தாண்டியதும் வாசிலி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். கரையோரம் ஒரு பெண் சால்மன், செத்து, வால் தேய்ந்து. நஸ்தாசியா மண்டியிட்டு அதன் வயிற்றைக் கீறினாள். முட்டை ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் இட்டுவிட்டுத்தான் செத்திருக்கிறது.

"காலி! வாசிலி, வயிறு காலிடா!"

"கரடி கீழேருந்து தூக்கிட்டு வந்திருந்தா?"

அவள் முகம் சட்டென்று... (இருண்டது என்று எழுதப்போனேன். இருளவில்லையாம்.) அவள் அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தாள். பாசி படிந்த கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்குக் கற்கள் தேய்த்துக் கழுவியதுபோல் பளிச்சென்று கிடந்தன. மீன் வாலால் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மூடிய இடம். அதை எந்தக் கரடியாலும் தூக்கிவர முடியாது.

வாசிலி தொப்பியைக் கழற்றினான். "நாலு கல்ல புரட்டிப் பாத்துரலாமா அண்ணி?"

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன். கிளறினா முட்டை செத்துரும்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். மழையில் தெரியாது என்று நினைத்தாளாம். தெரிந்தது என்று வாசிலி என்னிடம் தனியாகச் சொன்னான்.

4

முட்டைகள் பொரிந்தனவா? நான் எழுதிய ஒரு முடிவில் வெள்ளம் அடித்துப்போனது. இன்னொன்றில் விரலளவு குஞ்சுகள் துள்ளின. இரண்டையும் கிழித்தேன். நான் இதை எழுதும்போது ஓடை உறைந்து கிடக்கிறது, வசந்தம் வரவில்லை. ஆய்வு நிற்கவில்லை. நஸ்தாசியா வசந்தத்தில் குஞ்சுகளைப் பிடித்து எண்ண வலை வாங்கிவிட்டாள். என்னையும் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

கதை என்னுடையதுதான். நினைத்தால் கல்லைப் புரட்டி உங்களுக்குக் காட்டிவிடலாம். மாட்டேன். நீங்களும் வசந்தம் வரும்வரை கை வைக்காமல் இருங்கள்.