ஐந்து இடத்தில் திறந்து பார்

அந்தப் பாட்டைக் கேட்டாலே நூலகருக்குப் பற்றிக்கொண்டு வரும். 'நூறு என்றால் தத்துவம், இருநூறு என்றால் சமயம்' என்று தொடங்கித் தொள்ளாயிரம் வரை, எந்த எண் அலமாரியில் எந்தப் பொருள் என்று இழுத்துக்கொண்டு போகும் பாட்டு. எழுதி மெட்டுப் போட்டவர் தலைமை ஆசிரியர். தன்னை ஒரு கவிஞர் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கு யார் வந்தாலும், தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் உட்பட, ஆறாம் வகுப்பு அதைப் பாடிக் காட்டியாக வேண்டும். பாடி முடித்த பிள்ளையிடம் பாம்பைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வா என்றால் திருதிருவென்று விழிக்கும். ஏட்டுச் சுரைக்காயாவது ஏட்டில் இருக்கும். இது வாயோடு சரி.

நூலகர் சொல்லிக்கொடுத்த வழி வேறு. கதைப் புத்தகமா, எழுதியவர் பெயரைப் பார், அகரவரிசையில் வை, வேலை முடிந்தது. கதையல்லாத புத்தகம் அப்படி இல்லை. யார் எழுதினார் என்பது அங்கே யாருக்கு வேண்டும்? எதைப் பற்றியது என்று கண்டுபிடித்தால்தான் அதற்கு எண். எண் இருந்தால்தான் அலமாரியில் இடம். அட்டை பொய் சொல்லும், அதனால் அட்டையை நம்பாதே. ஐந்து இடத்தில் திறந்து பார். ஐந்தில் மூன்று இடம் எதைச் சொல்கிறதோ, புத்தகம் அதைப் பற்றியதுதான். இந்த விதியைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்ற அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அதை முழுதாகப் பிடித்துக்கொண்டவள் ஒருத்திதான். எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று நிற்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் 'குறுக்குக்கேள்வி' என்று பெயர். மற்ற ஆசிரியர்கள் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நூலகருக்கு அவளை மட்டும்தான் பிடிக்கும்.

நூலகர் ஆறு வருடமாகத் தற்காலிகம். வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு கல்வி அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அந்த அதிகாரிதான் இன்று நூலக வகுப்பைப் பார்க்க வருகிறார்.

"வர்றவர் ஒரு புக் எழுதியிருக்காரு. பத்துக் காப்பி கொடுக்கப் போறாரு. புள்ளைங்க அதை அலமாரியில அடுக்குற மாதிரி ஒரு போட்டோ. அவரு குளிர்ந்துட்டா உங்க ஃபைல்ல இன்னைக்கே கையெழுத்து. கோணிக்கிட்டா அடுத்த மாசம் இந்த ரூம்ல எனக்கு மீட்டிங் ஹால்" என்றார் தலைமை ஆசிரியர். கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்ததை நூலகர் கவனித்தார்.

வீட்டில் கணவர், ஸ்கூட்டர் பழுது பார்ப்பவர், வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: "இன்னைக்கு ஒருநாள் வாயைக் கட்டிக்கிட்டு இரு. நுணலும் தன் வாயால கெடும்."

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய புத்தகக் கட்டு வந்தது. அதற்கும் முன்னால் தலைமை ஆசிரியரின் பல் வந்தது. பாட்டு முடிந்ததும் அதிகாரி கைதட்டினார். நூலகர் புத்தகத் தள்ளுவண்டியைப் பிள்ளைகளின் நடுவில் இழுத்துவந்து நிறுத்தினார். ஒரு சக்கரம் வழக்கம்போல் அடம் பிடித்தது. அதிகாரி தன் புத்தகத்தில் ஒன்றை எடுத்து, முன்வரிசையில் கையை நீட்டிக்கொண்டிருந்த பெண்ணிடமே கொடுத்தார். வேறு யார், குறுக்குக்கேள்விதான்.

அட்டையில் பெரிய நீல அலை. 'தண்ணீருக்கு ஒரு தலைவணக்கம்' என்று தலைப்பு. தண்ணீர் என்றால் ஐந்நூற்று ஐம்பத்து மூன்று, ஜன்னலோர அலமாரி. புகைப்படக்காரர் அங்கே தயாராக நின்றார்.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், இன்னோரிடத்தில் திறந்தாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரலை மடக்கினாள். ஐந்தாவது விரலும் மடங்கியதும், நேரே எதிர்ச்சுவருக்குப் போய், தொள்ளாயிரத்து இருபதில் வாழ்க்கை வரலாறுகளுக்கு நடுவே அதைச் செருகினாள்.

நூலகருக்கு நெஞ்சு முட்டப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, தண்ணி அங்கயா இருக்கு?" என்று சிரித்தார் அதிகாரி.

"அஞ்சு எடத்துல தொறந்து பாத்தேன் சார். அஞ்சுலயும் நீங்கதான் இருக்கீங்க."

"அதெல்லாம் முன்னுரை மாதிரிம்மா. பின்னால தண்ணி வரும், பாரு."

அவள் மறுபடி எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். உண்மையாகவே தேடினாள், அதுதான் கொடுமை. "ஒரு குழாய் இருக்கு சார். ஆனா அதுக்கு முன்னால நீங்க நிக்கிறீங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமை ஆசிரியரின் பல் உள்ளே போய்விட்டது. அதிகாரி பிள்ளையைப் பார்க்காமல் நூலகரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க மேடம். இது எங்க வைக்க வேண்டிய புக்?"

ஒரு பிரதியை முந்தின நாளே அனுப்பியிருந்தார்கள், நூலகரும் அதைப் படித்திருந்தார். தொண்ணூற்றாறு பக்கத்தில் தண்ணீருக்கு ஒன்பது; மிச்சத்தில் அதிகாரி பிறந்தார், முதல் மதிப்பெண் வாங்கினார், நாடா வெட்டினார், பரிசு வாங்கினார், இன்னொரு நாடா வெட்டினார். இதற்குத் தண்ணீர் என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும். நேற்று இரவு சமையலறையில் அதில் நாலு பக்கத்தைக் கணவரிடம் வாசித்துக் காட்டி வயிறு குலுங்கச் சிரித்தவர்தான் இவர். ஊரில் இருக்கிற முட்டாள்களையெல்லாம் எண்ணிட்டு அடுக்கத் தெரிந்தவர். தன்னை எந்த அலமாரியில் வைப்பது என்று அதுவரை யோசித்ததில்லை.

தலைமை ஆசிரியரின் கக்கத்தில் கோப்பு இருந்தது.

"ஐந்நூற்று ஐம்பத்து மூணு சார். தண்ணிதான்" என்றார் நூலகர். "பொண்ணு அவசரப்பட்டுட்டா."

நடந்துபோய்ப் பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். அவள் உடனே விடவில்லை. இழுக்க வேண்டியிருந்தது.

"மிஸ், நீங்கதான அஞ்சு எடத்துல..."

"எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேக்காத."

ஆறு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன வாய்க்கு அது பழகியதுபோலவே இருந்தது.

"சாருக்கு சாரி சொல்லு" என்றார் தலைமை ஆசிரியர். அவள் நூலகரைப் பார்த்தாள். நூலகர் தலையை ஆட்டினார். அவள் சாரி சொன்னாள், நூறு என்றால் தத்துவம் என்று பாடுகிற அதே ராகத்தில். புகைப்படத்துக்கு அவளை நகர்த்திவிட்டு வேறொரு பிள்ளையை நிறுத்தினார்கள். கோப்பில் கையெழுத்து விழுந்தது.

கணவர் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டார். "வாயைக் கட்டினா எப்படி வேலை நடக்குது பாத்தியா?" என்று மனைவியிடமும் சொன்னார். நூலகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு நாளில் அதுவும் சரியாகிவிட்டது.

அடுத்த வாரம் புதுப் புத்தகங்கள் வந்தன. குறுக்குக்கேள்வி கூப்பிடாமலே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. புத்தகங்களைத் திறக்காமல் அட்டையை மட்டும் பார்த்துக் கடகடவென்று பிரித்துப் போட்டாள். கால் மணியில் வண்டி பாதி காலி.

"என்னடா, தொறந்து பாக்கலையா?" என்றார் நூலகர். குரலைத் தேனாக்கிக்கொண்டார். "அஞ்சு எடம்?"

"எதுக்கு மிஸ்?" என்றாள் அவள், அடுத்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "எழுதினவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி வெச்சிடறேன்."