நூஹ் நபியிடம் திரும்பிப் போன ஹாபிஸ்

இந்தக் காலத்தில் யாருக்கும் ஓர் இடத்தில் அடங்கி உட்காரத் தெரியவில்லை என்பது தெஷாபாயின் கட்சி. ரொட்டியைப் பிய்ப்பதற்கு முன் அதைப் படம் எடுக்கிறான். மௌத்தான வீட்டுக்கு வந்தால், இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் கடிகாரத்தைப் பார்க்கிறான். இளவட்ட இமாம்களோ ஒலிபெருக்கி இல்லாமல் இருமக்கூட மாட்டார்கள். அக்ரூட் காட்டுக்கு ஏறும் வண்டியில் வழிநெடுக இதே புலம்பல். பக்கத்தில் இருந்த ஹம்தம் ஹாபிஸ் கேட்டுக்கொண்டே வந்தார்.

மார்க்கம் ஓதத் தடை இருந்த சோவியத் நாளில் ஜலாலாபாத் பக்கம் ஒரு பின்கட்டு அறையில், ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ஒரே உஸ்தாதிடம் ஓதிய கூட்டாளிகள் அவர்கள். நோன்பு மாதம் பிறப்பதற்கு முன் காட்டுக்குள் ஒரு வீட்டில் கூடி, சில நாள் சேர்ந்து தொழுது, ஓதி, சாப்பிட்டுக் கலைவார்கள். இப்போது மிச்சமிருப்பவர்கள் சுற்றி உட்கார்ந்தால் விரிப்பில் இடம் மிஞ்சுகிறது. ஹம்தம் முழுக் குர்ஆனையும் மனப்பாடமாகக் கொண்ட ஹாபிஸ். சைதுமர் பெரிய மதரஸாவுக்குப் போய்த் தலைப்பாகையும் பதவியுமாகத் திரும்பியவர். தெஷாபாய் ஒரே ஒரு குளிர்காலம் ஓதிவிட்டுக் கூட்டுப்பண்ணை டிராக்டரில் ஏறி உட்கார்ந்தவர். ஊரில் வேறு ஆள் இல்லாததால் மய்யித்துக் குளிப்பாட்டுவதும் ஜனாஸா என்ற இறுதித் தொழுகை தொழவைப்பதும் அவர் தலையில் விழுந்தது. பெரிய மார்க்க அறிஞரை அழைப்பதுபோல், கூட்டாளிகள் அவரை டிராக்டர் ஹஸ்ரத் என்பார்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் ஹம்தம் அவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். இந்த நோன்பிலும் இரவுத் தொழுகையான தராவீஹில் முழுக் குர்ஆனை ஓதி முடிக்க ஊர் தன்னைத்தான் எதிர்பார்க்கிறது, ஆனால் வசனங்கள் நழுவுகின்றன என்றார். நாளை விடியல் தொழுகையான சுபுஹுக்கு நீளமான சூரா ஒன்றை எடுக்கப்போவதாகவும், அதில் தடுக்கினால் இளைய ஆளுக்கு இடத்தை விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

"மத்தவனுங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லமாட்டானுங்க. உனக்குத்தான் நாக்குல எலும்பே கிடையாது. நீதாண்டா சொல்லணும்."

சொல்கிறேன் என்றார் தெஷாபாய்.

விடியலில் ஹம்தம் முன்னே நின்றார். நபிமார்களின் சரித்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சூரா அது. ஒவ்வொரு நபியின் கதையும் அதே இரண்டு வசனங்களில்தான் முடியும். ஓதுகிறவனுக்கு வழி தவறுவது அந்த இடத்தில்தான். நூஹ், ஹூத், ஸாலிஹ் என்று குரல் பழைய இனிமை குறையாமல் போயிற்று. அடுத்து லூத் நபி வரவேண்டும். ஹம்தம் மறுபடி நூஹிடம் போனார்.

பின்னால் நிற்கிறவர் வசனத்தை எடுத்துக் கொடுக்கலாம். சைதுமர் கொடுத்தார். ஹம்தம் வாங்கிக்கொண்டு லூத் நபியின் கதையை ஓதினார். அது முடிந்ததும் மறுபடி நூஹ். சைதுமர் மறுபடி எடுத்துக் கொடுத்தார். இந்த முறை அது ஹம்தம் காதில் ஏறவில்லை. நூஹ், ஹூத், ஸாலிஹ், திரும்பவும் நூஹ். சைதுமர் எடுத்துக் கொடுப்பதைப் பாதியில் விட்டுவிட்டார். தெஷாபாய்க்குச் சூரா தெரியாது. நூஹ் என்ற பெயர் தெரியும். முழங்கால் வலியோடு நண்பனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொழுகைக்குள் பேசவும் முடியாது, தொடவும் முடியாது. திடீரென்று ஹம்தம் நிறுத்தினார். சூராவை முடிக்காமலே குனிந்தார்.

தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்தபின் இமாம் பின்னால் இருப்பவர்கள் பக்கம் திரும்பி உட்காரவேண்டும். ஹம்தம் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். பயணக் களைப்பு என்றார் சைதுமர். மலைக்காற்று என்றார் இன்னொருவர். வெறும் வயிற்றில் உலர்திராட்சை சாப்பிடச் சொன்னார் வேறொருவர். தெஷாபாய் தவழ்ந்தே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு தடவை நூஹ்கிட்ட திரும்பிட்டே, ஹாபிஸ். இந்த வருஷம் தராவீஹுக்கு நீ முன்னால நிக்காதே."

"மூணா? எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது."

ஹம்தம் உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு ஆளைப் பார்க்கும்படி ஊரில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். தெஷாபாயின் கையை விடவே இல்லை.

வெயில் வந்தபின் பாலாடையும் சூடான ரொட்டியும் தேநீருமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹம்தம் தெளிந்திருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் அழைத்தார்.

"நோன்பு இருபத்தேழாம் இரவு ஒருத்தன் பாக்கியில்லாம எங்க ஊருக்கு வந்துடணும். இந்த வருஷமும் நான்தான் ஓதி முடிக்கிறேன்."

ரொட்டி பிய்த்த கைகள் நின்றன.

"காலையில உன்கிட்ட என்ன சொன்னேன்?" என்றார் தெஷாபாய்.

"நீ என்னிக்குத்தான் வைய மாட்டே? இன்னிக்கு யாரை வைஞ்சே?" என்று சிரித்தார் ஹம்தம்.

மற்றவர்களும் விரிப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தார்கள். சொன்னால் அந்த முகம் மறுபடி முதலிலிருந்து உடையும். மதியத்துக்குள் அதுவும் அவர் நினைவிலிருந்து அழிந்துபோகும். சொல்லாவிட்டால் அவர் தடுக்குவதை ஊர் முழுக்கப் பின்னால் நின்று கேட்கும். தெஷாபாய் எழுந்து வெளியே வந்தார்.

சைதுமர் பின்னாலேயே வந்தார். "விடுப்பா. தடுக்கினதே அவனுக்கு ஞாபகம் இல்லை. அதுவும் அல்லாஹ்வோட கருணை, ரஹ்மத்துதான்."

"அவனுக்கு ரஹ்மத்து. ஊர் முன்னாடி அவன் வாயடைச்சு நிக்கும்போது எடுத்துக் கொடுக்க நீ போவியா?"

சைதுமர் தாடியைத் தடவினார். நம்மால் ஆவது துஆதான் என்று கையேந்தினார். அதை நம்பத் தெஷாபாய்க்கு மனம் வரவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு, ஆமீன் சொல்லாமல், மரங்களுக்கிடையே இறங்கிப் போனார்.