லிடியாவின் சிலுவையும் கடுக்காய்க் கசாயமும்

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் செலினா புளியைக் கரைத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அவளைத் தடுக்க யாராலும் முடியாது. திருக்கோவிலூரை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அவள் மகள் லிடியாவின் இரும்புச் சிலுவை நிற்கிறது. நாலு வயசில் காய்ச்சலில் போன பிள்ளை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிலுவையைப் பித்தளைக் குடம் மாதிரி புளி போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, வெள்ளை பெயிண்ட் அடிக்கிறாள். தண்ணீர் மட்டும் ஊற்றமாட்டாள். தண்ணீர் பட்டால் துரு ஏறுமாம்!

ஆனாலும் வருஷா வருஷம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும். பெயிண்ட் விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

அது கடையில் வாங்கிய சிலுவை இல்லை. அவள் புருஷன் இன்னாசி வெல்டர். மகள் பெயரை வெல்டிங் குச்சியாலேயே எழுத்து எழுத்தாகப் போட்டான். என்ன கை அது! கல்யாணமான புதிதில் இரும்புத் தகட்டில் செலினா பெயரையும் அப்படி எழுதிக் கொடுத்து, அவளை ஒரு வாரம் வெட்கப்பட வைத்தவன். இப்போது கண் மங்கிவிட்டது. இனி அவனால் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது.

இந்த வருஷம் அவள் தேய்த்த தேய்ப்பில் துரு பக்கு பக்காகப் பெயர்ந்தது. பெயரின் கடைசி எழுத்தும் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, இன்னாங்க இது! எழுத்தே பூடுச்சே!"

கூடவே வந்திருந்த இன்னாசி சிலுவையைத் தடவிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான்.

"கடுக்கா கசாயம். கல்வராயன் மலையில கடுக்கா பொறுக்கி விக்கிற மாயவன்கிட்ட வாங்கினாந்தது. துரு மேல பூசுனா கருத்துப் போயி கெட்டியாயிடும், அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா அப்பறம் தேய்க்கவே வாணாம். புளிய கழுவாம வுட்டா பெயிண்டுக்கு அடியில துரு தின்னுகினே இருக்கும். போன வருஷமே எழுத்து ஆடுச்சி."

"புளி ஆவாதுன்னு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மொதல் வருஷமே தெரியும்."

செலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தீங்களா?"

"வருஷத்துக்கு ஒருநாளு புள்ளையக் குளிப்பாட்டுற. அவகிட்ட என்னென்னமோ பேசிகினே தேய்க்கிற. அத எப்பிடி வாணாம்னு சொல்லுவேன்?"

செலினா புளிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஞாயிறு பூசைக்குக் கிளப்பக் குளிப்பாட்டினால், லிடியா சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடிவிடுவாள். எத்தனை ஞாயிறு துரத்தியிருப்பாள்! இன்னும் நூறு ஞாயிறு துரத்தக் கொடுத்துவைக்கவில்லையே!

"கசாயம் பூசுறதுக்கு முன்னால கழுவணுமில்ல?" என்றாள். "போயி ஒரு குடம் தண்ணி புடிச்சினு வாங்க."

அவன் கொண்டுவந்த தண்ணீரைச் சிலுவையின் உச்சியில் மெதுவாக ஊற்றினாள்.

"கண்ண மூடிக்கம்மா," என்றாள். "இதான் கடைசி."